தொட்டி கொள்ளும் அளவு

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அந்த நீல வாளியைச் சற்று விலகிக் கடந்து வாருங்கள். அதற்குள் ஒரு குடித்தனம் இருக்கிறது. பக்கத்திலுள்ள சிவப்பு வாளியிலும் இருக்கிறது. இந்த நாற்காலி காலிதான், உட்காருங்கள்.

மாடி வீட்டைப் பார்க்க வந்திருப்பதாகத் தரகர் சொன்னார். காட்டுகிறேன், அவசரமில்லை. வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்வது நல்லது. பிற்பாடு மனக்கசப்புக்கு இடமிருக்காது. என் பெயர் மங்கையர்க்கரசி. பாளையங்கோட்டையில் யாரைக் கேட்டாலும் மங்கை டீச்சர் என்பார்கள். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள்.

இப்போது எங்கே இருக்கிறீர்கள்? சமாதானபுரத்தில், மாமியார் வீட்டில். சரி. அங்கே இடம் போதவில்லை. எத்தனை அறை? மூன்று. எத்தனை பேர்? நீங்கள், கணவர், மாமியார். மூன்று அறையில் மூன்று பேருக்கு இடம் போதவில்லை. எனக்குப் புரியவில்லை, ஆனாலும் நான் கேட்கப் போவதில்லை. பிறர் குடும்ப விஷயத்தில் தலையிடும் வழக்கம் எனக்கு அறவே கிடையாது. மாமியார் வேலைக்குப் போனவரா? தலைமையாசிரியையாக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றாரா? அப்படியானால் பண்பட்டவராகத்தான் இருப்பார். நீங்கள்தான் எங்கேயோ அவரைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். போகட்டும்.

மாடியில் இதற்கு முன் என் மகன் சிதம்பரநாதனும் அவன் மனைவி சுபத்ராவும் இருந்தார்கள். போன தை மாதம் மகாராஜநகருக்குக் குடிபோனார்கள். சண்டையா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் முகம் கேட்கிறது. எதிர் வீட்டுப் பிச்சம்மாள் மதினி முகமும் இப்படித்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சண்டை இல்லை. காரணம் மீன்.

சொல்கிறேன். குடிவரப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

நான் ஓய்வு பெற்ற புதிதில் எனக்கு நேரம் மிகுந்திருந்தது. நேரத்தை வீணாக்கும் பழக்கம் எனக்கில்லை. ஆகவே மாடியைச் சீர்திருத்தத் தொடங்கினேன். சுபத்ரா வங்கியில் வேலை பார்க்கிறாள், கெட்டிக்காரிதான், ஆனால் சமையலறை டப்பாக்களைக் கைக்கு வந்தபடி வைத்திருந்தாள். அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அவற்றை உயர வரிசையில் அடுக்கிக் கொடுத்தேன். மாலையில் வந்தவள் மிளகாய்ப்பொடியைத் தேடி எல்லா டப்பாவையும் திறந்து பார்த்தாள்; நன்றி சொல்ல மறந்துவிட்டாள். துணி மடிக்கும் முறையைத் திருத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வெகுநேரம் தூங்குவதைக் கவனித்து, காலை வெயிலின் பயன்களை எடுத்துச் சொல்வதற்காக மேலே போய்க் கதவைத் தட்டினேன். கதவைத் தட்டுவது கூட ஒரு மரியாதைக்காகத்தான். மாடிப்படி என் கூடத்தின் வழியாகத்தான் போகிறது.

அப்படி ஒரு மாதம் போனது. பங்குனியில் ஒரு நாள் சுபத்ரா வங்கியிலிருந்து வரும்போது ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். உள்ளே இரண்டு கப்பி மீன்கள். ஆண் ஒன்று, விரல் நுனியளவு, வாலில் மட்டும் ஆரஞ்சு நிறம். பெண் ஒன்று, சாம்பல் நிறத்தில், வயிறு புடைத்து.

“அத்தை, உங்களுக்குப் பொழுது போகும்” என்றாள்.

பொழுது போகாத ஆள் என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. இருந்தாலும் அன்பாகக் கொடுப்பதை மறுப்பது நாகரிகமல்ல. கொல்லையில் பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. கழுவித் தண்ணீர் நிரப்பி அதில் விட்டேன்.

இந்தக் கப்பி மீன் முட்டையிடாது. குஞ்சாகவே ஈனும், மாதத்துக்கு ஒருமுறை, ஒரு கைப்பிடி. இதையெல்லாம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். கரும்பலகையில் ஒரு கோடு வரைவேன். முதலில் அது தரையோடு படுத்துக் கிடக்கும். பிறகு பனை மாதிரி எழும். பிறகு எங்கோ ஓரிடத்தில் தலை தட்டி நேராக ஓடும். தலை ஏன் தட்டுகிறது என்று கேட்பேன். மந்தமான பிள்ளைகள் பலகையின் விளிம்பு வந்துவிட்டது என்பார்கள். இல்லை. இரை போதாது, இடம் போதாது, தன் அழுக்கே தனக்கு நஞ்சாகும், தின்ன வருகிறவன் ஒருவன் இருப்பான். எந்த உயிரும் கணக்குப் பார்க்காமல்தான் பெருகும். கணக்குப் பார்ப்பது அது இருக்கும் இடம்.

கரும்பலகையில் வரைந்த கோட்டை நான் தொட்டியில் பார்த்தது அந்த ஆண்டுதான். சித்திரை முழுக்க ஒன்றும் தெரியவில்லை. வைகாசியில் குஞ்சுகள் கொசுக் கூட்டம் போல் ஓரத்தில் மிதந்தன. ஆடியில் தொட்டிக்குள் கையை விட்டால் கை தெரியவில்லை. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைப் பொடித்து நாள்தோறும் மூன்று வேளை போட்டேன். எங்கள் வீட்டில் முட்டை நுழைந்தது அதுவே முதல் முறை. நாங்கள் சைவம், மீன்கள் சைவமில்லை, அந்த வேறுபாட்டை நான் மதித்தேன்.

ஆவணியில் பெருக்கம் நின்றது. தண்ணீர் பச்சையாகிவிட்டது; மீன்கள் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டி மூச்சு வாங்கின; பெரிய மீன்கள் பிறந்த குஞ்சுகளைப் பிறந்த இடத்திலேயே விழுங்கின. பாடத்தில் உள்ளபடியே எல்லாம் நடந்தது. நான் கவலையோடு நின்றுகொண்டிருந்தபோது சுபத்ரா பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

“அதுவா நின்னுருச்சு அத்தை. இனி சும்மா விட்டுருங்க. அதுங்களே சரி பண்ணிக்கிடும்.”

சும்மா விடுவதாம். ஒன்றைச் சும்மா விடுவது எப்படி என்று எனக்குக் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை, பணியிலும் சொல்லித் தரவில்லை. அன்று மாலையே குஞ்சுகளை வடிகட்டியால் அள்ளித் தனித்தனி வாளிகளில் விட்டேன். பெரிய மீனின் கண்ணில் படாமல் இருந்தால் அவை பிழைக்கும். பிழைத்தன. அதன் பிறகு வாளிகள் போதவில்லை.

அடுத்து நவராத்திரி வந்தது. நீங்களும் கொலு வைப்பவர்தானே? அப்படியானால் ரவிக்கைத் துணியின் பயணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் உங்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு துணி தருகிறேன், நிறம் பிடிக்காமல் நீங்கள் அதை அடுத்த வீட்டில் தருகிறீர்கள், அவர் இன்னொருவருக்குத் தருகிறார், யாரும் தைப்பதில்லை. அந்த வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. அறிவுக்கு உகந்த ஒன்றைக் கொடுப்போம் என்று முடிவு செய்தேன். கொலுவுக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவருக்கும் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், சுண்டல், அதனோடு தண்ணீர் நிரப்பிய கவரில் ஒரு ஜோடி மீன். கவரின் வாயை மஞ்சள் நூலால் நானே கட்டினேன். என் முடிச்சு தனி முடிச்சு, ஆய்வகத்தில் பழகியது.

பிச்சம்மாள் மதினி கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“மதினி, நாம சைவம்லா. கொலுவுக்கு வந்தவ கையில மீனைக் குடுத்து அனுப்புதீங்களே?”

“உண்பதற்கல்ல. கொசுப் புழுக்களைத் தின்னும். உங்கள் வீட்டுத் தொட்டியில் விடுங்கள்.”

“எங்க வீட்ல கொசு இல்ல மதினி. இதுக்காக இனிமே கொசுவும் வளக்கணுமா?”

இப்படித்தான் பேசுவார். ஆனாலும் வாங்கிக்கொண்டு போனார். எல்லோரும் வாங்கிக்கொண்டு போனார்கள். தெருவெல்லாம் இனி கொசு இருக்காது என்று நான் நிம்மதியாக இருந்தேன். தொட்டியிலும் பாதி மீன்கள் குறைந்து, தண்ணீர் தெளிந்து, மிச்சமிருந்தவை ஓடியாடித் திரிந்தன. ஓடியாடித் திரிந்ததோடு நிற்கவில்லை. இடம் கிடைத்துவிட்டதல்லவா? கோடு மறுபடி எழுந்தது. நான் எடுக்க எடுக்கத் தொட்டி நிறைந்தது. எடுத்ததனால்தான் நிறைந்தது என்று சுபத்ரா சொன்னாள். அவள் வணிகவியல் படித்தவள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

சரஸ்வதி பூஜையன்று சுபத்ரா முருகன்குறிச்சியில் ஒரு டாக்டர் வீட்டுக் கொலுவுக்குப் போய்விட்டு வந்தாள். கையில் ஒரு கவர். உள்ளே மீன்கள். வாயில் மஞ்சள் நூல், என் முடிச்சு. அந்த டாக்டர் அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. என் வீட்டிலிருந்து பிச்சம்மாள் மதினிக்குப் போய், அங்கிருந்து அவர் நாத்தனாருக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ போய், வழியில் கவருக்குள்ளேயே குஞ்சு ஈன்று, முடிச்சு அவிழாமலே என்னிடம் திரும்பி வந்திருந்தன. போனவை இரண்டு, வந்தவை ஒரு குடும்பம். சுபத்ரா கவரை மேசைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். உள்ளே அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறாள்.

அன்று மாலைக்குள் என் மஞ்சள் நூல் கட்டிய கவர்கள் மேலும் மூன்று வந்து சேர்ந்தன. எல்லாமே வெற்றிலை பாக்கோடு, மிகுந்த மரியாதையோடு.

அவற்றை எங்கே விடுவது? கீழே இடமில்லை. மாடிக் குளியலறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. அதில் விட்டேன். மறுநாள் சிதம்பரநாதன் துண்டோடு படியிறங்கி வந்து நின்றான்.

“அம்மா, எனக்குக் குளிக்கணும்.”

“கீழே குளி.”

“கீழயும் மீன் கெடக்கு.”

“ஓரமாக நின்று குளி. சோப்பு மட்டும் போடாதே.”

அவன் தந்தையைப் போலவே பொறுமைசாலி. ஒரு வாரம் சோப்பில்லாமல் அலுவலகம் போனான்.

பின்பு குஞ்சுகளுக்கு இளவெயில் தேவைப்பட்டது. இளவெயில் இந்த வீட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் விழும். மாடிப் படுக்கையறையின் கிழக்கு ஜன்னலில். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே தொட்டிகளை வரிசையாக வைத்தேன். நாள்தோறும் விடிந்ததும் போய் இரை போட்டு, தண்ணீர் மாற்றி, இறந்தவற்றை அகற்றிவிட்டு வருவேன். அவர்கள் எழுந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தேன். யாருக்கும் இடைஞ்சல் செய்வது எனக்குப் பிடிக்காது.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன், நீங்களும் திருமணமானவர், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திருமணமாகி ஒன்றரை ஆண்டாகியும் மாடியில் எண்ணிக்கை இரண்டிலேயே நின்றது. கீழே ஒவ்வொரு வாளியிலும் மாதந்தோறும் விசேஷம், மேலே ஒன்றுமில்லை. நான் வற்புறுத்தியதில்லை. காலையில் மீனுக்கு இரை போடும்போது மட்டும், பொதுவாக, ஓர் உயிரினம் பெருகாமல் இருப்பதற்கு என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று சில வார்த்தைகள் சொல்வேன். அவர்கள் படுத்தபடியே கேட்டுக்கொள்வார்கள். போர்வை தலைக்கு மேல் இருக்கும். ஆனாலும் காது கேட்கும்.

மார்கழியில் ஒரு நாள் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது சுபத்ரா எழுந்து உட்கார்ந்தாள். முடியை அள்ளி முடிந்துகொண்டு என்னைப் பார்த்தாள். அவள் என்னிடம் பாடத்தில் சந்தேகம் கேட்டது அதுதான் முதல் முறை.

“அத்தை, குஞ்சை ஏன் பெரிய மீன்கிட்ட இருந்து பிரிச்சு வைக்கீங்க?”

“விட்டால் விழுங்கிவிடும்.”

“பெரிய மீன் கெட்டதா அத்தை?”

“கெட்டதென்று சொல்ல முடியாது. அதற்குப் பசியும் இல்லை. கண்ணில் படுவதைச் சும்மா விடத் தெரியாது, அவ்வளவுதான். அது அதன் இயல்பு.”

“அப்ப தொட்டி பெருசா இருந்தா?”

“தொட்டி பெரிதாக இருந்து, ஒளிந்துகொள்ளக் கொஞ்சம் பாசியும் இருந்தால் ஒன்றாகவே இருக்கலாம். ஒன்றின் கண்ணில் இன்னொன்று படாதிருக்க இடம் வேண்டும்.”

அவள் திரும்பிப் போர்வையைப் பார்த்து, “கேட்டீங்களா?” என்றாள்.

“கேட்டேன்” என்றது போர்வை.

பொங்கல் கழிந்த வாரத்தில் மகாராஜநகரில் வீடு பார்த்துவிட்டார்கள். சாமான்கள் வண்டியில் ஏறிய பிறகு சுபத்ரா என்னிடம் வந்து குனிந்து கும்பிட்டாள். “நீங்க சொன்னதுதான் அத்தை. தொட்டிதான் சிறுசு” என்றாள். எனக்குக் கண் கலங்கவில்லை. என் இயல்பு அதுவல்ல. ஆனால் மனம் நிறைந்தது. இத்தனை ஆண்டுகள் கற்பித்ததில் ஒரு பாடத்தை ஒருவர் இவ்வளவு விரைவாக உள்வாங்கி நான் பார்த்ததில்லை. மீன்களுக்கு இடம் போதவில்லை என்பதை உணர்ந்து, வாய் திறந்து நான் கேட்காமலே, மாடியை விட்டுக்கொடுத்துவிட்டுப் போன மருமகள் இந்த ஊரில் வேறு யாருக்கு இருக்கிறாள்? இதைப் பிச்சம்மாள் மதினியிடம் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். பொறாமை.

அவர்கள் புது வீட்டைப் போய்ப் பார்த்தேன். இரண்டே அறை. இதைவிடச் சிறியது. வாசலில் அழைப்பு மணி வைத்திருக்கிறார்கள். பெற்ற தாயும் அதை அடித்துவிட்டு நிற்க வேண்டும். கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் என்னிடமிருந்து எடுத்துப் போன நான்கைந்து மீன்கள், நிறையப் பாசி. இரை கூடக் கணக்காகப் போடுவதில்லையாம். தோன்றும்போது ஒரு சிட்டிகை. நான் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். சற்றுக் கூடுகிறது, சற்றுக் குறைகிறது, ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. சோம்பேறித்தனமான வளர்ப்பு. ஆனால் தண்ணீர் தெளிவாக இருப்பதை மறுக்க முடியாது.

இப்போது சுபத்ராவுக்கு ஐந்தாம் மாதம். ஆமாம், விசேஷம்தான். இங்கே ஒன்றரை ஆண்டு நடக்காதது அங்கே போன சில வாரங்களில் நடந்துவிட்டது. நான் ஆராய்ந்து பார்த்தேன். மகாராஜநகருக்கு வரும் தண்ணீர் வேறு குழாயில் வருகிறது. தண்ணீர்தான் காரணம். வேறு என்ன மாறியிருக்கிறது, சொல்லுங்கள்? ஆள் அதே ஆள், கட்டில் அதே கட்டில்.

ஏன் சிரிக்கிறீர்கள்? இருமலா? சரி.

பிள்ளை பிறந்த பிறகு இங்கேயே வந்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். “பாப்போம் அத்தை” என்றாள். பார்ப்போம் என்றால் வருவோம் என்றுதான் பொருள். ஆகவே உங்களுக்கு மாடியைத் தருவதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. அவர்கள் வந்துவிட்டால் உடனே காலி செய்ய வேண்டியிருக்கும். அதுவரை தாராளமாக இருக்கலாம். நிபந்தனைகள் அதிகமில்லை. குளியலறைத் தொட்டியைத் தொடக்கூடாது. சமையலறை மேடையில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன, அடுப்பை நிதானமாகப் பற்றவைக்க வேண்டும். கூடத்தில் உள்ளவற்றைப் பற்றி நான் மேலே போகும்போது சொல்கிறேன். படுக்கையறையில் கட்டில் போட இடமிருக்காது, பாய் போடலாம். விடியற்காலையில் நான் வருவேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.

ஆமாம், அவர்கள் போன பிறகு மாடி முழுவதும் மீன்தான். நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. காலியாக ஓர் இடம் இருந்தால் அது நிறைந்துவிடுகிறது.

எழுந்துவிட்டீர்கள். மாடியைப் பார்க்கவில்லையா? கணவரிடம் கேட்டுச் சொல்கிறீர்களா. இந்த ஆவணியில் வந்தவர்கள் அத்தனை பேரும் கணவரிடம் கேட்கத்தான் போனார்கள். இந்தக் காலத்துப் பெண்கள் கணவரைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

இருங்கள். வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் இல்லை. இந்தக் கவரைப் பிடியுங்கள். நல்ல ஜோடி, ஆண் மீனின் வாலைப் பாருங்கள். இது உங்களுக்கல்ல, உங்கள் மாமியாருக்கு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. வீட்டில் சும்மா இருப்பது கடினம். உங்களுக்குப் பொழுது போகும் என்று சொல்லிக் கொடுங்கள். கையில் இது இருந்தால் உங்கள் டப்பாக்களை அடுக்க வர மாட்டார்.

அவர் டப்பாக்களை அடுக்கியது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தெரியும்.

நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அடியில் கை கொடுங்கள். ஆங், ஒன்று கேட்க மறந்துவிட்டேன். சமாதானபுரத்து வீட்டில் உங்கள் படுக்கையறை எந்தப் பக்கம்? கிழக்கா. ஜன்னல் இருக்கிறதா? காலை வெயில் விழுமா?

கவரை இப்படிக் கொடுங்கள்.